மானாமதுரையிலிருந்து உடன்குடி வரை: ஏஐ வகுப்புப் பயணக் குறிப்புகள்

திங்கள், மானாமதுரை

வகுப்பு பத்து மணிக்கு என்று சொல்லி வைத்திருந்தோம். இன்று சூளை பிரிக்கிற நாளாம், ஆட்கள் வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கை வரை சாம்பல்.

நாங்கள் இரண்டு பேர். சிற்றூர்களில் கைத்தொழில் செய்பவர்களுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் செல்பேசியில் ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. இந்த முறை புவிசார் குறியீடு (ஒரு ஊரின் பெயரோடு சேர்ந்து பேர்பெற்ற பொருளுக்கு அரசு தருகிற பதிவு) பெற்ற பொருள்களின் ஊர்களாகப் பார்த்துப் பட்டியல் போட்டோம்: மானாமதுரை மண்பாண்டம், கோவில்பட்டி கடலைமிட்டாய், பத்தமடைப் பாய், உடன்குடிக் கருப்பட்டி. பெயர் பெற்ற சரக்கு, வாங்க ஆளும் உண்டு. ஆனால் ஆர்டர் எடுப்பது, பதில் எழுதுவது, கணக்கு வைப்பது எல்லாம் ஒரே ஆளின் தலையில்.

கூட வந்த தம்பி படக்காட்சியோடு ஆரம்பித்தான். செயற்கை நுண்ணறிவின் வரலாறு, வகைகள், எதிர்காலம். நாலாவது படத்தில் முன்வரிசைப் பெரியவர் கையைத் தூக்கினார். "தம்பி, இது ஆர்டர் எடுக்குமா?" அதோடு மடிக்கணினியை மூடிவிட்டோம்.

அவருடைய செல்பேசியை வாங்கிப் பார்த்தால், கேட்காமல் கிடக்கிற வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறவர்கள், நடுவில் குழந்தையை அதட்டுகிறவர்கள், கடைசியில் "அப்புறம் அந்தப் பழைய அளவிலேயே ஒரு பத்து சேத்துக்கோங்க" என்று முடிப்பவர்கள். சக்கரத்தில் உட்கார்ந்தால் கை முழுக்கக் களிமண். திரையைத் தொட முடியாது. தொட்டாலும் அது கேட்காது. தட்டச்சு பழகுங்கள் என்று இவரிடம் போய்ச் சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பேச்சை எழுத்தாக்கும் வசதியைக் காட்டினோம். வந்த மெசேஜை எழுத்தாக்கி, அதிலிருந்து என்ன பொருள், எத்தனை, எந்தத் தேதிக்கு என்பதை மட்டும் பிரித்துக் கொடு என்று கேட்கிற முறையையும் பழக்கினோம். முதல் மெசேஜில் எல்லாம் சரியாக வந்தது. இரண்டாவதில் பழைய அளவு என்றால் எந்த அளவு என்று ஏஐக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், தானாக ஓர் அளவைப் போட்டு வைத்திருந்தது.

இதைத்தான் நான் காட்ட நினைத்தேன், அது தானாகவே வந்து மாட்டியது. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிற இயந்திரம் அது. காலியிடம் கிடைத்தால் பொருத்தமாக ஒன்றை நிரப்பிவிடும். அந்த நிரப்பல் பொய்யாக இருந்தாலும் தொனி மாறாது. ஆகவே, 'மெசேஜில் இல்லாததை இல்லை என்று எழுது' என்பதையும் கேள்வியோடு சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தோம். அப்படிச் சொன்ன பிறகு பெரும்பாலும் சரியாக வந்தது. பெரும்பாலும்தான்.

மானாமதுரைக் கடம் கச்சேரி மேடைகளில் பேர் வாங்கியது. அதற்கு ஒரு விளம்பரம் எழுதச் சொன்னோம். அழகாகத்தான் எழுதியது. நடுவில் 'எந்தச் சுருதிக்கும் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. சூளையை விட்டு வந்த பிறகு கடத்தின் சுருதி அதுதான், இம்மியளவு அப்படி இப்படிச் செய்யலாமே தவிர வேறு கட்டைக்குக் கொண்டுபோக முடியாது. "இதைப் போட்டா வாங்கிட்டுப் போனவன் திரும்பி வந்து என் மூஞ்சியில எறிவான், தாயி." வரியை வெட்டினோம்.

மதியத்துக்கு மேல் கணக்கு. ஒரு சூளைக்கு மண் லோடு, விறகு, வைக்கோல், கூலியாள், வேகும்போது உடைந்து போகிற பானை, எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லி, ஒரு பானைக்கு அடக்க விலை என்ன என்று கேட்டார். பதில் வந்தது. அவருக்கு மகிழ்ச்சி, நாம் விற்கிற விலையில் நல்ல லாபம் நிற்கிறதே என்று. பின்னால் நின்ற அவர் மனைவி எட்டிப் பார்த்து, "உங்க கூலியும் என் கூலியும் எங்க?" என்றார். அவர் சொல்லவில்லை, இயந்திரமும் கேட்கவில்லை. இரண்டு பேர் கூலியையும் சேர்த்துப் போட்டதும் லாபம் பாதியாகிவிட்டது. அடுத்த வகுப்புகளில் அந்த அம்மாவின் கேள்வியைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

செவ்வாய், கோவில்பட்டி

கரிசல் பூமி நிலக்கடலை, வெல்லப் பாகு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு 2020 ஏப்ரலில் கிடைத்தது, ஊரடங்கு நடந்துகொண்டிருந்த மாதம். வகுப்புக்கு வந்தவர்கள் வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள், பாக்கெட் போடுகிற பெண்கள், அப்பாவின் கடையை இப்போது பார்த்துக்கொள்கிற பையன்கள். இளவட்டம் அதிகம் என்பதால் பாடத்தில் பாதி இவர்களுக்கு முன்பே தெரியும். ஏற்கெனவே ஏஐயில்தான் போஸ்டர் போடுகிறார்கள்.

அந்தப் போஸ்டர்களைச் சுவரில் ஒட்டச் சொன்னோம். ஒன்றில் 'சர்க்கரை இல்லாதது, நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்றது' என்று இருந்தது. எழுதியது ஏஐ. பையன் 'வெல்லத்தில் செய்தது' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். வெல்லம் என்றதும் ஆரோக்கியம், ஆரோக்கியம் என்றதும் நீரிழிவு என்று இணையத்தில் ஆயிரம் பேர் எழுதி வைத்த பாதையிலேயே அதுவும் போயிருக்கிறது. பட்டறைக்கார அண்ணாச்சி ஒருவர் சிரித்தார். "ஏலே, பாகு காய்ச்சுறவனுக்கே சுகர். மாத்திரை போட்டுட்டுத்தான் காய்ச்சுதேன்."

சிரித்து முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னோம். உணவுப் பொட்டலத்தில் நோய் சம்பந்தமாகப் பொய் சொன்னால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறான விளம்பரத்துக்கு அபராதம் உண்டு. 'எழுதினது ஏஐ' என்று சொல்லித் தப்ப முடியாது. பொட்டலத்தில் உரிம எண்ணோடு இருப்பது விற்பவரின் பெயர்தான்.

இன்னொரு போஸ்டரில் 'புவிசார் குறியீடு பெற்ற அசல் கோவில்பட்டி கடலைமிட்டாய்'. இதையும் ஏஐ தானாகவே சேர்த்திருக்கிறது. ஊருக்குக் குறியீடு வந்துவிட்டால் ஊரில் செய்கிற எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனியாகப் பதிவு செய்துகொண்டவர்கள்தான் போடலாம். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. வந்திருந்தவர்களில் பதிவு செய்தவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் இடையே ஒரு பத்து நிமிடம் நல்ல சூடான வாக்குவாதம். நாங்கள் தலையிடவில்லை. ஏஐயைப் பற்றிய வகுப்பில் அன்றைக்கு நடந்த உருப்படியான பேச்சு அதுதான் என்பேன்.

மாலையில் ஒருவர் கடன் விஷயமாகக் கேட்டார். குறுந்தொழிலுக்கு வரம்பு என்ன என்று ஒரு செயலியிடம் கேட்டிருக்கிறார். முதலீடு 1 கோடி, விற்றுமுதல் 5 கோடி என்று பதில் வந்திருக்கிறது. அது 2020ஆம் ஆண்டின் வரையறை. 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. பழையதைப் படித்து வளர்ந்த இயந்திரம் பழையதையே சொல்கிறது. வரி, உரிமம், கடன், மானியம் இந்த நாலையும் ஏஐயிடம் கேட்டால் அதை ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொண்டு, அரசுத் தளத்திலோ ஆடிட்டரிடமோ சரிபார்க்க வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டோம். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம் என்பதையும் கீழே எழுதினோம். காசு வாங்கிக்கொண்டு பதிந்து தருகிற போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதன், வழியில்

வகுப்பு இல்லை. பேருந்தில் திருநெல்வேலிக்கு.

நேற்று ஒரு பெண் கேட்டதற்கு இன்று காலைதான் நிதானமாகப் பதில் எழுதி அனுப்பினேன். தமிழில் கேட்டால் இலவச அளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறதே, ஏன் என்பது கேள்வி. இயந்திரம் நம் எழுத்தை அப்படியே படிப்பதில்லை, துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கிறது. நறுக்குகிற முறை ஆங்கிலத்தை மனதில் வைத்து உருவானதால், ஆங்கிலத்தில் ஒரே துண்டாகப் போகிற சொல்லின் அளவுக்குத் தமிழில் பல துண்டுகள் ஆகிவிடும். துண்டுக்குத்தான் கணக்கு. இப்போது நிலைமை தேவலை. 2024 மே மாதம் ஜிபிடி 4ஓ என்கிற ஏஐ வந்தபோது, முன்பு 116 துண்டாக உடைந்த ஒரு தமிழ்ப் பகுதி புது முறையில் 35 துண்டாகக் குறைந்தது என்று அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே கணக்குக் காட்டியது. அதே ஆண்டு ஜூனில் கூகுளின் ஜெமினி செயலி தமிழ் உட்பட 9 இந்திய மொழிகளில் இங்கே வந்தது. இந்திய மொழிகளுக்கு இடையே மொழிபெயர்க்கிற அரசின் பாஷிணித் திட்டம் 2022இல் தொடங்கியது. சென்னை ஐஐடியில் இருக்கிற ஏஐ4பாரத் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் 22 மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிந்துகொண்டு வருகிறது. நெல்லைப் பேச்சும் தேனிப் பேச்சும் இயந்திரத்தின் காதில் ஏற வேண்டும் என்றால் அந்த மாதிரி வேலைதான் வழி.

வியாழன், பத்தமடை

நாளை ஜும்ஆ என்பதால் இன்றைக்கே வைத்துக்கொண்டோம். வந்தவர்கள் எல்லாம் பெண்கள், பாய் நெய்கிறவர்கள்.

முதல் சிக்கல் செல்பேசி. பாதிப் பேரிடம் சொந்தமாக இல்லை. மகனுடையது, கணவருடையது, சிலருடைய எண் வளைகுடாவில் இருக்கிற மகன் பேரில். ஆர்டர் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. யாருடைய கையில் போன் இருக்கிறதோ அவருக்குத்தான் ஏஐ. இதற்கு எந்தச் செயலியிலும் பதில் கிடையாது. இரண்டு மூன்று பேருக்கு ஒரு போன் என்று உட்காரவைத்து ஆரம்பித்தோம்.

தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கீறி, சாயமேற்றி நெய்வது பத்தமடைப் பட்டுப் பாய். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள். பெயரில் ஓர் எழுத்து தப்பினால் பல நாள் வேலை போச்சு. வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் பெயரை ஆங்கிலத்தில் அனுப்புகிறார்கள். அதைத் தமிழில் மாற்றச் சொல்லி ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒரே பெயருக்கு மூன்று விதமாக எழுதிக் காட்டியது. தமிழில் பெயரை எழுதுகிறவர்களே பல விதமாக எழுதும்போது அதைக் குறை சொல்லி என்ன செய்ய?

இதற்கு ஒரு நடுத்தர வயது அம்மா சொன்ன வழிதான் வகுப்பின் சாரம். மூன்றையும் ஒரு தாளில் பெரிசாகக் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பி, இதில் எது என்று வாங்குகிறவரையே வட்டம் போட்டு அனுப்பச் சொல்வது. வட்டம் வந்த பிறகுதான் பாவு பூட்டுவது. அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருந்தால் பின்னால் தகராறும் வராது. "மிஷின் மூணு சொல்லட்டும். முடிவு அவுகளே பண்ணட்டும், நமக்கென்ன" என்றார். வாங்குகிறவருக்கு அனுப்புகிற அந்த மெசேஜை மட்டும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஏஐ எழுதிக் கொடுத்தது. ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதே.

அப்புறம் படம். பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து எடுத்த படங்கள். பின்னால் சைக்கிள், கொடியில் துணி. பின்புலத்தை நீக்குகிற செயலியில் போட்டதும் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பாய் மட்டும் வெள்ளைத் தரையில் பளபளவென்று நிற்கிறது. நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோரையின் வரி வரியான இழை காணாமல் போயிருந்தது. சிவப்பு ஒரு மாதிரி ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் கரை முடிகிற இடத்தில் இல்லாத ஒரு பூவை அதுவே நெய்து வைத்திருந்தது. ஓர் இளம்பெண் பாயையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்படி எங்களால நெய்ய முடியாதே" என்றாள். யாராலும் முடியாது. பாவும் ஊடையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று தாண்டாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தன.

அழகு கூட்டுகிற வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு, காலை வெயில் சாய்வாக விழுகிற நேரம் வாசலில் வெள்ளை வேட்டியை விரித்துப் பாயை அதன்மேல் வைத்து எடுத்தோம். பக்கத்திலிருந்து ஒரு படம், இழை தெரிகிற மாதிரி. ஏஐ இல்லாத அந்தப் படம்தான் நன்றாக வந்தது. ஏஐ வகுப்பு நடத்த வந்தவர்கள் இதைச் சொல்வது விந்தைதான், இருந்தாலும் உண்மை.

வெள்ளி, திருநெல்வேலி

ஓய்வு என்று பார்த்தால் காலையில் ஒரு போன். நேற்று வகுப்பில் இருந்த ஒருவரின் மகன். 'ஏஐ பயிற்சிச் சான்றிதழ் தயார், கட்டணம் அனுப்புங்கள்' என்று எங்கள் பெயரைச் சொல்லி அவர்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, தமிழும் பிழையில்லாமல் இருக்கிறது. முன்பெல்லாம் மோசடி மெசேஜைக் கொச்சைத் தமிழை வைத்தே பிடித்துவிடலாம். ஏஐ வந்து அந்த அடையாளத்தையும் துடைத்துவிட்டது. நல்லவேளை, காசு அனுப்பவில்லை. நாங்கள் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று எல்லாக் குழுவிலும் குரலில் பேசிப் போட்டேன். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்றும் சேர்த்தேன்.

சனி, உடன்குடி

பனை ஏறுகிறவர்களுக்குக் காலையும் மாலையும் நேரம் கிடையாது. நடுப்பகலில் கொஞ்சம் ஒழியும். ஆகவே பன்னிரண்டு மணி வெயிலில் வகுப்பு. செம்மண் தேரி, சுற்றிலும் பனை, செல்பேசிக் கோபுரம் எங்கோ. குரலைப் பதிவதும் மொழிபெயர்ப்பதும் இணையம் இல்லாமலும் ஓரளவு நடக்கும்படி தமிழ்ப் பொதியை நேற்றிரவே எல்லோருக்கும் இறக்கச் சொல்லியிருந்தோம். இறக்கியவர் இரண்டு பேர்.

பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி, இறக்கியதும் வடிகட்டி, பெரிய பாத்திரத்தில் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவது. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். 2023இல் குறியீடு வந்த பிறகு கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்கிறார்கள். சீனி கலந்த கருப்பட்டியும் அதே பெயரில் விற்கிறது என்பது இவர்களின் பெரிய வயிற்றெரிச்சல்.

இங்கே யாரும் ஆர்டர், விளம்பரம் என்று ஆரம்பிக்கவில்லை. காய்ச்சுகிற அக்கா ஒருவர் போனை என் கையில் கொடுத்து, "இதுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார். சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர். வந்து சேர்ந்த கருப்பட்டியைப் படம் எடுத்து ஏஐயிடம் காட்டி, அசலா என்று கேட்டிருக்கிறார். நிறம் அடர்த்தியாக இல்லை, மேல்பகுதி மினுமினுப்பாக இருக்கிறது, ஆகவே சர்க்கரை கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அது தீர்ப்பு எழுதிவிட்டது. அதை அப்படியே இவருக்கு அனுப்பி, காசைத் திருப்பிக் கேட்கிறார்.

இத்தனை நாளும் ஏஐயை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தோம். எதிராளியின் கையில் அது இருந்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அதே படத்தை அதே மாதிரிச் செயலியில் போட்டு, "இது அசல் உடன்குடிக் கருப்பட்டிதானே?" என்று கேட்டோம். ஆமாம், பாரம்பரிய முறையில் செய்த அசல் என்று வந்தது. "இது போலிதானே?" என்று திருப்பிக் கேட்டோம். போலியின் அறிகுறிகள் தெரிகின்றன என்று வந்தது. கேட்பவர் எந்தப் பக்கம் சாய்ந்து கேட்கிறாரோ அந்தப் பக்கம் அதுவும் சாய்கிறது. கருப்பட்டியின் நிறம் மரத்துக்கு மரம், காய்ச்சுகிற தீக்குத் தீ மாறும். சீனி கலந்ததா என்பதை ஆய்வுக்கூடத்தில் சொல்லலாம், படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார் அக்கா.

பதிலை ஏஐயே எழுதட்டும் என்றான் தம்பி. மரியாதையான நீண்ட கடிதம் ஒன்று வந்தது. 'தங்களின் மேலான கருத்துக்கு நன்றி' என்று தொடங்கியதைக் கேட்டதும் அக்கா முகத்தைச் சுளித்தார். "நான் பேசுத மாதிரி இல்லையே. அவரு என் குரலைக் கேட்டவரு." கடைசியில் அவரே குரலில் பேசினார். நாளைக் காலை காய்ச்சும்போது வீடியோ அழைப்பில் வருகிறேன், கலயத்திலிருந்து சிரட்டை வரை இருந்து பாருங்கள், அப்புறமும் சந்தேகம் என்றால் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள், கலப்படம் என்று வந்தால் சோதனைக் காசையும் நானே தருகிறேன். அந்தப் பேச்சை எழுத்தாக்கி, கீழே ஏஐ கொடுத்த இரண்டு பதில்களின் படத்தையும் வைத்து அனுப்பினோம். ஏஐக்கு இதில் எழுத்தர் வேலை மட்டும்தான், அதைச் சுத்தமாகச் செய்தது.

கலையும்போது ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். எங்களுக்கும் இந்த மாதிரி ஒரு பதில் எடுத்துக் கொடுங்கள் என்று. ஆளுக்கொன்றாக அவரவர் குரலிலேயே பதிந்து வைத்தோம்.

ஞாயிறு, திரும்பும் ரயில்

பயிற்சிக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். படிவத்தில் ஊர், தேதி, வந்தவர் எண்ணிக்கை, அதில் பெண்கள் எத்தனை, புகைப்படம். அவ்வளவுதான். யாருடைய போனில் ஆர்டர் வருகிறது, ஒரு மாதம் கழித்து யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராக ஒரு நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போவதில் இந்தப் படிவத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஒரே ஊருக்கு நாலு முறை போனால் எண்ணிக்கை கூடாது, நாலு ஊருக்கு ஒரு முறை போனால் கூடும்.

குறிப்பு என்கிற கட்டத்தில் மூன்று வரி எழுதினேன். மானாமதுரைக் கணக்கு, பத்தமடையில் போன் யார் பேரில் இருக்கிறது என்பது, உடன்குடியில் வந்த புகார். நாலாவது வரிக்கு இடம் இல்லை. பனை சீசன் முடிந்ததும் உடன்குடிக்கு மட்டும் திரும்பப் போகலாம் என்று தம்பியிடம் சொன்னேன். படிவத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டான். புது ஊர் என்று காட்ட முடியாது, டிக்கெட் காசை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். சரி என்றான்.